அப்பத்தா மடியும் பிரம்பு நாற்காலியும்: ஒரு பூனைக்குட்டியின் நகம் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

தாயில்லாமல் கிடைக்கும் பூனைக்குட்டிகளை எடுத்துத் தேற்றி, வளர்க்க மனமுள்ள வீடுகளில் சேர்க்கும் வேலையைத் திருச்சியில் பத்து ஆண்டுக்கு மேலாகச் செய்து வருகிறேன். கொடுத்த குட்டி திரும்பி வந்தால், அதற்குச் சொல்லும் காரணம் பெரும்பாலும் நகம்தான். "பிறாண்டுதுங்க, வச்சிக்க முடியல" என்பார்கள். அந்த ஒரு சொல்லுக்குள் என்னென்னவோ அடங்கியிருக்கும். மடியில் ஏறிப் பிசைவதும் பிறாண்டல்தான், நாற்காலிக் காலைக் கிழிப்பதும் பிறாண்டல்தான், விளையாட்டில் கையைப் பிடிப்பதும் பிறாண்டல்தான். மூன்றுக்கும் வேர் வேறு வேறு. ஒன்றாகக் கருதி ஒரே மருந்து கொடுத்தால் எதுவும் தீராது. நான் எழுதப்போகிற வீட்டில் நடந்தது இதுதான். முதல் மூன்று வாரங்கள் அப்படித்தான் வீணாகின. வீணானதில் என் பங்கும் உண்டு.

2023 அக்டோபர் கடைசியில், ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு காலையில், நிறுத்தி வைத்திருந்த ஆட்டோவின் பின்சீட்டுக்கு அடியில் இந்தக் குட்டி கிடைத்தது. சாம்பல் நிறத்தில் வரிவரியாக இருந்தது. பெண் குட்டி. தாயும் உடன்பிறந்தவையும் தேடியும் கிடைக்கவில்லை. கண்ணில் நீலம் இன்னும் மாறவில்லை, கோரைப் பால்பற்கள் முளைத்திருந்தன, எடை 470 கிராம். இவற்றை வைத்து வயது ஐந்து வாரம் என்று மதித்தேன். என் வீட்டில் அப்போது சளி பிடித்த இரண்டு குட்டிகள் இருந்தன. அவற்றோடு இதைச் சேர்க்கப் பயந்து, உடனே ஒரு வீடு பார்த்தேன்.

அந்த வீட்டில் நான்கு பேர். 71 வயது அப்பத்தா, 15 ஆண்டாகச் சர்க்கரை உள்ளவர். அவருடைய மகனுக்கு ரயில்வே பணிமனையில் வேலை. மருமகள் முன்னறையில் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைப்பவர். பேத்தி நான்காம் வகுப்பு. வாடகை வீடு. சொந்தமென்று சொல்ல அவர்களுக்கு இருந்த நல்ல சாமான், மகனின் அப்பா காலத்துப் பிரம்பு நாற்காலி ஒன்றுதான். அக்டோபர் 29, ஞாயிற்றுக்கிழமை குட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தீபாவளிக்குச் சரியாக இரண்டு வாரம் இருந்தது. தையல்காரர் வீட்டுக்கு ஆண்டிலேயே மூச்சுவிட நேரமில்லாத நாட்கள் அவை என்பதை நான் யோசிக்கவே இல்லை.

முதல் இரண்டு வாரம்

குட்டி வந்த அன்று இரவே அப்பத்தாவின் மடியைக் கண்டுபிடித்துவிட்டது. டிவியில் சீரியல் ஓடும் நேரம், எட்டரை மணி வாக்கில், கட்டில் காலைப் பிடித்து ஏறும். சேலை மடிப்பை மோந்து பார்க்கும். பிறகு முன்கால் இரண்டையும் மாறி மாறி ஊன்றி, விரல்களை விரித்தும் சுருக்கியும் பிசையத் தொடங்கும். கண் பாதி மூடியிருக்கும். தொண்டையில் குர்ர் சத்தம். சில நிமிடத்தில் முந்தானை நுனி வாய்க்குள் போய்விடும். அதைச் சப்பிக்கொண்டே பிசையும். முந்தானை நனைந்துவிடும். "மாவு பிசையுது பாரு" என்று அப்பத்தா பேத்தியைக் கூப்பிட்டுக் காட்டுவாராம்.

குட்டி பால் குடிக்கும்போது தாயின் மடியை இப்படித்தான் அமுக்கும். அமுக்கினால் பால் சுரக்கும். கன்று முட்டுவதைப் போல இது பூனைக்கு. பால்குடி மறந்த பிறகும் பழக்கம் விடுவதில்லை. மெத்தென்ற இடமும் கதகதப்பும் தூக்கமும் கூடினால் வளர்ந்த பூனைகூடப் பிசையும். ஆகவே இது கோபமோ குறும்போ அல்ல, குட்டி அமைதியாக இருக்கிறது என்பதற்கு அடையாளம். ஆனால் ஐந்து வாரக் குட்டியின் நகம் ஊசி போல இருக்கும். அப்பத்தா உடுத்துவது பலமுறை துவைத்து நைந்த நூல் சேலை. தோலோ சர்க்கரையாலும் வயதாலும் காகிதம் போல ஆனது. நான்கே நாளில் தொடையிலும் வயிற்றிலும் சிவப்புப் புள்ளிகள். அப்பத்தா யாரிடமும் சொல்லவில்லை. மருமகள் குட்டியை அனுப்பிவிடுவாரோ என்ற பயம்.

பகலில் பிரம்பு நாற்காலி. குட்டி தூங்குவது அதன் கீழேதான். தூங்கி எழுந்ததும் முன்காலை நீட்டி நாற்காலிக் காலில் ஊன்றி, வரட் வரட்டென்று இழுக்கும். முதல் வாரத்திலேயே பிரம்புச் சுற்று ஒன்று பிரிந்து நின்றது. மகன் அதட்டினார். கைதட்டினார். பிறகு இஸ்திரி போடத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரே பாட்டிலை எடுத்து முகத்தில் அடித்தார். குட்டி ஓடி மெஷினுக்கு அடியில் ஒளிந்தது. அவர் வேலைக்குப் போனதும் மறுபடி நாற்காலிக்கு வந்தது. தண்ணீர் அதற்குக் கற்றுக்கொடுத்தது ஒன்றுதான்: இந்த மனிதர் இருக்கும்போது வெளியே வரக்கூடாது.

செல்லப்பிராணிக் கடையில் ஒரு பிறாண்டும் கம்பமும் வாங்கினார்கள். ஒரு முழம்தான் உயரம். தட்டினால் ஆடியது. வீடு அடைசலாக இருக்கிறதென்று அதைக் கொல்லைக் கதவுக்குப் பக்கத்தில், துணி ஊற வைக்கும் வாளிக்குப் பின்னால் வைத்தார்கள். குட்டி அதன் பக்கமே போகவில்லை.

நவம்பர் 8 அன்று, வாடிக்கையாளர் ஒருவரின் பட்டு ரவிக்கைத் துணி கொடியில் தொங்கியபோது குட்டி அதைப் பிடித்து ஏறப் பார்த்து, நான்கு இழை இழுத்துவிட்டது. மருமகள் கையிலிருந்து 650 ரூபாய் போட்டு அதே நிறத்தில் வேறு துணி வாங்கினார். அன்று இரவு எனக்குப் போன் வந்தது. "அக்கா, இத நீங்களே எடுத்துட்டுப் போயிருங்கக்கா. தீபாவளி முடியட்டும், பிறகு பாக்கலாம்." குரலில் கோபமில்லை, களைப்புதான் இருந்தது. தீபாவளிக்கு மறுநாள் வருவதாகச் சொன்னேன். அந்த ஐந்து நாள் தாமதத்துக்கு இன்றும் வருந்துகிறேன்.

தீபாவளி இரவு

நவம்பர் 12. எட்டு மணிக்கு மேல் குட்டி வழக்கம்போல மடியில் பிசைந்துகொண்டிருந்தது. தெருவில் யாரோ அணுகுண்டு வெடித்தார்கள். குட்டி துள்ளி எழுந்தது. அப்பத்தா அதே நொடியில் கையை வெடுக்கென்று இழுத்தார். பூனை நகம் கொக்கி போல உள்நோக்கி வளைந்தது. இழுத்தால் ஆழமாகத்தான் போகும். இடது முன்கையில் மூன்று விரல் நீளத்துக்குக் கீறி இரத்தம் வந்தது. மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார்.

மறுநாள் மதியம் நான் போனபோது கீறலைச் சுற்றிச் சிவந்திருந்தது. குட்டிக்கு ஒரு தடுப்பூசியும் போட்டிருக்கவில்லை. அது எங்கே பிறந்தது, அதன் தாயை எது கடித்தது என்று யாருக்கும் தெரியாது. வெறிநோய் விஷயத்தில் இரத்தம் வந்த கீறல், மூன்று வகைகளில் மிகக் கடுமையான மூன்றாம் வகைக் காயம், கடிக்குச் சமம். கீறல்தானே என்று விடும் வழக்கம் நம் ஊரில் நிறைய வீடுகளில் உண்டு. வெறிநோய் வந்துவிட்டால் காப்பாற்ற வழியில்லை. வருமுன் தடுப்பதற்கு மட்டும்தான் வழி.

மஞ்சளைக் கழுவினோம். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கடிகாரம் பார்த்து 15 நிமிடம் கழுவினோம். அப்பத்தா கேட்டார்: "இத்தனூண்டு குட்டி கீறுனதுக்கா தாயி ஊசி?" குட்டியின் மேல் சந்தேகப்பட்டுப் போடும் ஊசி இல்லை, நமக்குத் தெரியாத ஒன்றுக்காகப் போடும் ஊசி என்று சொல்லிக் கூட்டிப்போனேன். அரசு மருத்துவமனையில் தடுப்பூசியோடு, இரத்தம் வந்த காயம் என்பதால், உடனே பாதுகாப்புத் தரும் இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட்டார்கள். தோலுக்குள் போடும் முறையில் தடுப்பூசி 0, 3, 7, 28 ஆம் நாட்களில். நவம்பர் 13, 16, 20, டிசம்பர் 11 என்று பேத்தி காலண்டரில் வட்டம் போட்டாள். நான்கும் முடிந்தன. குட்டியையும் பத்து நாள் கவனித்தோம். நலமாகவே இருந்தது. அதற்காக ஊசியை இடையில் நிறுத்தவில்லை. சர்க்கரை உள்ளவர் என்பதால் காயம் ஆற மூன்று வாரம் ஆனது.

நகத்தை எடுத்துவிடலாமா?

அந்த வாரம் அமெரிக்காவில் இருக்கும் மருமகளின் கொழுந்தன் போனில் சொன்ன யோசனை: அங்கே ஆபரேஷன் செய்து நகத்தையே எடுத்துவிடுவார்களாம், பிறகு தொந்தரவே இருக்காதாம். மருமகள் என்னிடம் கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. நகம் வெட்டுவதைப் போல ஏதோ ஒன்று என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

நான் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். பூனையின் நகம் விரலின் கடைசி எலும்பிலிருந்து வளர்கிறது. நகம் திரும்ப வளராதபடி எடுக்க வேண்டுமென்றால் அந்த எலும்பை மூட்டோடு வெட்ட வேண்டும். மனிதக் கையில் ஒவ்வொரு விரலையும் கடைசிக் கணுவோடு எடுப்பதற்குச் சமம். பிறகு அந்தப் பூனை வெட்டுப்பட்ட காலில்தான் ஆயுளுக்கும் நடக்க வேண்டும். கொழுந்தன் இருக்கும் நியூயார்க் மாநிலத்திலேயே 2019 இல் இதைச் சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். பிரிட்டனிலும் தடை. "அப்படின்னா வேணாம்" என்று மருமகள் உடனே சொன்னார். அந்தப் பேச்சு மறுபடி எழவில்லை.

குட்டியை நான் திரும்ப எடுத்துக்கொள்ளத் தயாராகவே போயிருந்தேன். வேண்டாமென்றது அப்பத்தா. "என் கையத்தான கீறுச்சு. நான் ஒண்ணும் சொல்லலியே" என்றார். ஒரு மாதம் பார்ப்பது, அதற்குள் இரத்தக் காயம் மறுபடி வந்தால் குட்டி என்னிடம் திரும்புவது என்று முடிவுசெய்தோம்.

ஒரு வார நோட்டு

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு வாரம் எழுதிப் பார்க்கலாம் என்று கேட்டுக்கொண்டேன். அப்பத்தாவுக்கு மட்டும் மடியில் ஒரு தடித்த துணி போட்டுக்கொள்ளச் சொன்னேன். எழுதும் பொறுப்பைப் பேத்தி எடுத்துக்கொண்டாள். பழைய கணக்கு நோட்டில் நான்கு கட்டம்: நேரம், இடம், எதன்மேல், அதற்கு முன்னால் என்ன செய்தது. கடைசிக் கட்டம்தான் முக்கியம் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். பள்ளி நேரத்தில் அவள் அம்மா மெஷினில் இருந்தபடியே சொல்லிவைக்க, மாலையில் எழுதிக்கொண்டாள்.

நவம்பர் 18 முதல் 24 வரை 41 பதிவு. பிசைந்தது 15 முறை, பிறாண்டியது 26 முறை. பிசைந்த 15 இல் 11 அப்பத்தா மடியில், மூன்று பேத்தியின் போர்வையில், ஒன்று தைக்கக் கொடுத்த வெல்வெட் துணியில். பெரும்பாலும் சாப்பிட்ட பிறகு, தூக்கம் வரும் நேரத்தில். பிறாண்டிய 26 இல் 14 தூங்கி எழுந்த உடனே. ஆறு, மகன் வேலை முடிந்து கதவைத் திறந்த உடனே. நான்கு, சாப்பாட்டுத் தட்டின் சத்தம் கேட்டபோது. மீதி இரண்டுக்கும் காரணம் பிடிபடவில்லை. 26 இல் 19 பிரம்பு நாற்காலிக் காலில், மூன்று மெஷின் பக்கத்தில் சுருட்டி வைத்திருந்த சணல் சாக்கில், நான்கு வாசல் மிதியடியில். கடைக் கம்பத்தில் ஒன்றுமில்லை.

மகன் அந்தப் பக்கங்களை இரண்டு முறை படித்தார். "நான் வந்தவுடனே நாற்காலிய கிழிக்குதே, தண்ணி அடிச்ச கோவம்னுல்ல நெனச்சேன்" என்றார். கோபமில்லை. பூனைக்குக் கிளர்ச்சி வந்தால் அதைத் தீர்த்துக்கொள்ளும் வழிகளில் ஒன்று பிறாண்டுவது. தண்ணீர் அடித்தவராக இருந்தாலும் கதவு திறந்தால் குட்டிக்குப் பரபரப்புதான்.

தூங்கி எழுந்து பிறாண்டுவதற்கும் காரணம் உண்டு. முதுகையும் தோளையும் நீட்டிச் சோம்பல் முறிக்கிறது. நகத்தின் பழைய மேலோட்டைக் கழற்றுகிறது. பாதத்தில் விரல்களுக்கிடையே உள்ள சுரப்பியின் வாசனையை அங்கே பதித்து, இது என் இடம் என்று குறிக்கிறது. நாற்காலிக்கு அடியில் பேத்தி பிறை வடிவில் சின்னதாக ஒரு பொருளைக் கண்டெடுத்து, குட்டியின் நகம் உதிர்ந்துவிட்டதென்று அழுதாளாம். விளக்கிற்குக் காட்டினால் உள்ளே வெறுமையாக, வெங்காயச் சருகு போலத் தெரியும். கழற்றிய மேலோடு அது. இப்போது தீப்பெட்டியில் ஏழு சேர்த்து வைத்திருக்கிறாள்.

ஆக நோட்டு சொன்னது இதுதான்: பிசைவதை நிறுத்த வேண்டியதில்லை, நகத்துக்கும் தோலுக்கும் நடுவில் ஏதாவது வேண்டும். பிறாண்டுவதையும் நிறுத்த முடியாது. தூங்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஆடாமல், நிமிர்ந்து நிற்கிற, சொரசொரப்பான ஒரு பொருள் வேண்டும். அது கிடைக்காததால்தான் நாற்காலி கிழிந்தது.

மடித்துணி

தடித்த துணி என்று சொன்னதும் டர்க்கி டவலைப் போட்டிருந்தார்கள். எடுத்ததும் தோன்றுவது அதுதான். ஆனால் அதில் நூல் வளையம் வளையமாக நிற்கும். நகம் அதில் மாட்டிக்கொண்டது. எடுக்க முடியாமல் குட்டி கத்தியது. நல்லவேளை, அப்பத்தா இந்தமுறை இழுக்கவில்லை. பிறகு மகனின் பழைய எட்டு முழ வேட்டியை எட்டாக மடித்து, அதன்மேல் பேத்தி கைக்குழந்தையாக இருந்தபோது வாங்கிய மென்மையான கம்பளிப் போர்வையைத் தைத்தார் மருமகள். வளையமில்லை, நெருக்கமான துணி. நகம் போர்வையில் இறங்கினாலும் வேட்டி மடிப்பைத் தாண்டவில்லை.

அப்பத்தாவிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொண்டேன். துணி இல்லாமல் மடியில் ஏற்றக்கூடாது. நகம் குத்தினால் கையை இழுக்கக்கூடாது, பாதத்தைக் குட்டியின் பக்கமாகவே லேசாகத் தள்ளினால் கொக்கி தானாக விடும். கத்துவதும் தள்ளிவிடுவதும் வேண்டாம். பால்குடி மடியிலிருந்து தள்ளினால் குட்டிக்கு எதற்கென்று புரியாது, பயம் மட்டும் மிஞ்சும். மூன்றாம் நாளிலிருந்து, சீரியல் பாட்டு தொடங்கினாலே குட்டி கட்டிலடியில் வந்து நின்று, அப்பத்தா துணியை விரிக்கும் வரை பார்த்துக்கொண்டிருக்குமாம்.

முந்தானை சப்புவது எனக்குக் கவலையாக இருந்தது. சீக்கிரமே தாயைப் பிரிந்த குட்டிகளில் இதை அதிகம் பார்க்கிறேன். துணியைத் தின்னாதவரை பெரிய கெடுதல் இல்லை. ஆனால் இது தையல் வீடு. நூலை விழுங்கினால் ஒரு முனை நாக்கடியில் மாட்டிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் போகும். குடல் அதன்மேல் சுருங்கிச் சுருங்கி அறுபட்டுவிடும். ஊசியோடு விழுங்கினால் கேட்கவே வேண்டாம். பெரும்பாலும் அறுவை செய்யாமல் தீராது. மெஷின் பக்கத்தில் கிடந்த நூல் துண்டுகளை முதல்முறை பார்த்தபோதே என் வயிறு கலங்கியது. நகத்தைப் பற்றிப் பேசப் போன இடத்தில் நான் அதிகம் வற்புறுத்தியது இதைத்தான். நூற்கண்டும் ஊசியும் மூடி போட்ட டப்பாவுக்குள் போயின. இரவில் மெஷின்மேல் பெட்டி. தரையை ஒரு நாளைக்கு இரண்டு முறை கூட்டுவது. தைக்காத நேரத்தில் துணிகளெல்லாம் பீரோவுக்குள். பட்டுத் துணிக்கு வந்த ஆபத்தும் அத்தோடு தீர்ந்தது.

நகம் வெட்டுவது

பூனைக்கு முன்காலில் ஐந்தைந்து, பின்காலில் நான்கு நான்கு, மொத்தம் 18 நகம். ஒரே மூச்சில் வெட்டப் பார்ப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. முதல் நான்கு நாள் வெட்டவே இல்லை. குட்டி சாப்பிட்டுச் சொக்கியிருக்கும்போது மகன் பாதத்தைத் தொட்டு, விரலை மேலும் கீழுமாக மெல்ல அழுத்தி விட்டுவிடுவார். அழுத்தினால் நகம் உறையிலிருந்து வெளியே வரும். உடனே ஒரு துளி வேகவைத்த கோழி. அவரிடமிருந்துதான் குட்டி ஒளிந்துகொண்டிருந்தது என்பதால் இந்த வேலையை அவரே செய்யட்டும் என்று நினைத்துக் கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் வெளிச்சத்துக்கு எதிரே காலைப் பிடித்துக் காட்டினேன். நகத்தின் நுனி கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். அடியில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு தெரியும். அதில் இரத்தமும் நரம்பும் ஓடுகின்றன. நுனியில் வளைந்த கொக்கியை மட்டும் எடுத்தால் போதும், ஒரு மில்லிமீட்டர். நாம் நகம் வெட்டும் நகவெட்டியே போதும். ஆனால் அதைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடிக்க வேண்டும். தட்டையாகப் பிடித்தால் நகம் பிளக்கும். முதல் நாள் இரண்டு நகம், மறுநாள் மூன்று.

ஒருமுறை தவறியது. குட்டி காலை உருவும்போது ரோஜாக் கோட்டில் பட்டு இரத்தம் வந்தது. மகன் பதறிவிட்டார். சோளமாவில் நகத்தை வைத்து, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்ததும் சில நிமிடத்தில் நின்றது. மூன்று நாள் அந்தக் காலை விட்டுவிட்டு மறுபடி தொடங்கினார். டிசம்பர் பாதிக்குள் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை எல்லா நகத்தையும் இரண்டு அமர்வில் வெட்டுகிற அளவுக்கு வந்துவிட்டது.

ஆட்டுக்கல் கம்பம்

நவம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, மகன் மூன்றரை அடிச் சவுக்குக் கட்டை வாங்கி வந்தார். வளர்ந்த பூனை பின்காலில் நின்று முழுதாக நீட்டினால் எட்டாத உயரம் வேண்டும், பிறாண்டும்போது அசையக்கூடாது. அசைந்தால் ஒருமுறையோடு விட்டுவிடும். அடியில் பாரத்துக்கு என்ன செய்வது என்று யோசித்தபோது அப்பத்தா கொல்லையைக் காட்டினார். கிரைண்டர் வந்த பிறகு சும்மா கிடந்த ஆட்டுக்கல். குழவியை எடுத்துவிட்டு, குழிக்குள் கட்டையை நிறுத்தி, செங்கல் துண்டு செருகி, சிமெண்ட் பூசினார். இரண்டு பேர் சேர்ந்து தள்ளினாலும் அசையவில்லை. இருபது ஆண்டு மாவாட்டிய கல்லை ஒரு பூனைக்குட்டிக்காக விட்டுக்கொடுத்ததை அப்பத்தா ஒரு பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

கட்டை முழுவதும் தேங்காய் நார்க் கயிறு சுற்றினோம். குட்டி வந்து மோந்தது. காலை வைத்தது. எடுத்துவிட்டது. புது நாரின் முள் அதன் பாதத்துக்கு அதிகமாக இருந்தது. நோட்டைப் புரட்டியபோது சணல் சாக்கு என்று மூன்று பதிவு இருந்ததே என்று பேத்திதான் சொன்னாள். குட்டி ஏற்கெனவே பிறாண்டிய அதே சாக்கை வெட்டி, கட்டையின் கீழ்ப் பாதியில் இறுக்கிச் சுற்றி ஆணி வெளியே தெரியாமல் அடித்தோம். அதன் வாசனை அதில் இருந்தது. மறுநாள் காலை தூங்கி எழுந்ததும் அதில் நகத்தை வைத்தது.

கம்பத்தை நாற்காலியை ஒட்டியே வைத்தோம். கூடத்தின் நடுவில் இடைஞ்சல்தான். மருமகள் முகம் சுளித்தாலும் ஒத்துக்கொண்டார். நாற்காலிக் கால்களில் வழவழப்பான பிளாஸ்டிக் தாளைச் சுற்றி ஒட்டினோம். நகம் பிடிக்காத இடத்தைப் பூனை விரும்பாது. நாற்காலிக்குப் போனால் அதட்டக்கூடாது, கம்பத்தின் பக்கம் நாம் விரலால் சொறிந்து சத்தம் காட்ட வேண்டும். கம்பத்தில் பிறாண்டினால் உடனே பேர் சொல்லித் தடவிக் கொடுக்க வேண்டும். ஸ்ப்ரே பாட்டில் இஸ்திரிக்கே திரும்பிப் போனது.

அப்பத்தா இன்னொன்றும் செய்து பார்த்தார். மழைக்குப் பிறகு பக்கத்துக் காலிமனையில் குப்பைமேனி மண்டிக் கிடந்தது. அதற்குப் பூனைவணங்கி என்றும் பேர். வேரைப் பிடுங்கி ஒடித்தால் பூனைகள் மயங்கிப் புரளும் என்பது நம் ஊர்க்காரர்கள் கண்ட விஷயம். வேரைக் கழுவிக் கம்பத்தில் தேய்த்தார். குட்டி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போது அதற்கு ஒன்பது வாரம். இவ்வகை வாசனைக்கு மயங்கும் குணம் சில மாதம் போன பிறகே வரும். மார்ச் மாதம் மறுபடி தேய்த்தபோது கம்பத்தடியில் மல்லாந்து புரண்டது. தேய்ப்பதோடு சரி, செடியைத் தின்னக் கொடுக்கவில்லை.

பேத்தியின் கை

கைவிரலை ஆட்டி விளையாடுவதை நிறுத்தியதும் அவள் கையில் கீறல் நின்றது. கை விளையாட்டுப் பொருள் இல்லை என்பதைக் குட்டியைவிட அவளுக்குப் புரியவைக்கத்தான் நாளானது. ஒரு குச்சியில் துணிப் பந்து கட்டி, மாலை ஆறரைக்கும் படுக்கும் முன்பும் பத்துப் பத்து நிமிடம் விளையாடினாள். முடிந்ததும் குச்சி பீரோவுக்குள். அதிலும் நூல் இருக்கிறதே.

தொடர்ந்து நடந்தது

டிசம்பர் இரண்டாம் வாரம் பேத்தி மறுபடி ஏழு நாள் எழுதினாள். நாற்காலி 3, கம்பம் 29. எண்ணிக்கை மொத்தத்தில் கூடியிருக்கிறதே என்று மருமகள் கேட்டார். கூடட்டும். குட்டி வளர்கிறது, நல்ல இடம் கிடைத்ததால் நிறையவே பிறாண்டுகிறது. நாம் பார்க்க வேண்டியது எங்கே என்பதை. தீபாவளிக்குப் பிறகு யாருக்கும் இரத்தக் காயம் வரவில்லை. எட்டாம் வாரத்தில் பல பூனை நோய்களுக்குச் சேர்த்துப் போடும் முதல் கூட்டுத் தடுப்பூசியும் 12 ஆம் வாரத்தில் அடுத்ததோடு வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டோம். மூன்றாவது ஊசி, பொங்கல் கழிந்து.

பொங்கலுக்கு முன் ஒரு சறுக்கல். வெள்ளையடிக்க வேண்டுமென்று ஜனவரி 8 அன்று கம்பத்தை ஆட்கள் வைத்துக் கொல்லைக்கு நகர்த்தினார்கள். நாற்காலிக் காலில் சுற்றிய பிளாஸ்டிக்கும் அப்போது கிழிந்துபோனது. நான்கே நாளில் நாற்காலியில் இன்னும் ஒரு சுற்றுப் பிரிந்தது. புதுச் சுண்ணாம்பு வாசனையில் தன் வாசனை எதுவும் வீட்டில் இல்லாமல் போனதால் குட்டி கொஞ்சம் அதிகமாகவே குறித்திருக்கும் என்று நினைக்கிறேன். கம்பம் பழைய இடத்துக்கு வந்ததும் இரண்டு நாளில் சரியானது. நல்ல பழக்கம் ஆறே வாரத்தில் ஊன்றிவிட்டதாக நானும் நம்பியிருந்தேன். ஊன்றவில்லை.

மார்ச் கடைசியில், ஆறு மாதம் ஆனபோது, கருத்தடை அறுவை முடிந்தது. முந்தானை சப்புவது அதற்கு முன்பே, பிப்ரவரி வாக்கில் குறைந்து நின்றுபோனது. பிசைவது நிற்கவில்லை. நிற்கும் என்று யாருக்கும் நான் வாக்குக் கொடுக்கவும் இல்லை.

மறுபடி செய்தால் எதை மாற்றுவேன்

ஐந்து வாரத்தில் குட்டியைக் கொடுத்திருக்கக் கூடாது. பின்லாந்தில் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தினர் ஆறாயிரத்துக்குச் சற்றுக் குறைவான பூனைகளை ஆராய்ந்து 2017 இல் வெளியிட்ட முடிவு, எட்டு வாரத்துக்கு முன் தாயைப் பிரித்த குட்டிகளிடம் முரட்டுத்தனம் அதிகம் என்று காட்டியது. 14 வாரம் வரை தாயோடு விடுவது நல்லது என்றும் சொன்னது. தெருவில் தனியே கிடைக்கும் குட்டிக்குத் தாயைக் கொண்டுவர முடியாது. ஆனால் வேறு குட்டிகளோடு சில வாரம் வைக்க முடியும். கூடப்பிறந்தது வலியில் கத்தி விளையாட்டை நிறுத்தும்போதுதான் குட்டி நகத்தை உள்ளிழுக்கக் கற்கிறது. சளி பிடித்த குட்டிகள் என் வீட்டில் இருந்தால், கூட்டாளி ஒருவரின் வீட்டில் வைத்திருக்கலாம். நான் கேட்கவில்லை.

வீட்டைப் பற்றி நான் கேட்ட கேள்விகளும் குறைவு. சாப்பாடு, ஜன்னல் கம்பி, மொட்டைமாடி என்று கேட்டேன். சர்க்கரை உள்ள முதியவர் இருக்கிறாரா, வீட்டில் ஊசி நூல் புழங்குமா என்று கேட்கவில்லை. இப்போது இரண்டையும் கேட்கிறேன். பண்டிகைக்கு முந்தைய மாதத்தில், பட்டாசு வெடிக்கும் நாட்களில், புது வீட்டுக்குக் குட்டி கொடுப்பதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய பிழை, கீறினால் என்ன செய்ய வேண்டும் என்று கொடுக்கும்போதே சொல்லாதது. குட்டிக்கு எப்போது ஊசி என்று எழுதிக் கொடுத்த தாளில் மனிதர்களுக்கான வரி ஒன்றுமில்லை. இப்போது அந்தத் தாளின் முதல் வரி: தடுப்பூசி முடியாத குட்டி கீறினால் அல்லது கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவவும், அன்றே மருத்துவமனைக்குப் போகவும், மஞ்சள் வைக்க வேண்டாம். தாளோடு ஒரு துண்டு பழைய சாக்கும் கொடுக்கிறேன், என் வீட்டில் குட்டி பிறாண்டியது.

சித்திரையில் நான் போனபோது கம்பத்தின் சாக்கு நைந்து நூலாகத் தொங்கியது. மகன் புதுச் சாக்கு வாங்கி வைத்திருந்தார். பழையதைப் பிரிக்காமல் அதன்மேலேயே சுற்றலாமா என்று கேட்டார். அப்படியே சுற்றினோம்.